நிறம் மாறினால் போதுமா? இலைச்சாற்றில் உருவாகும் வெள்ளி வினையூக்கி

கூம்புக் குடுவையில் சில்வர் நைட்ரேட் கரைசல், பார்வைக்குத் தண்ணீர்தான். நிலாவாரை இலையை வேகவைத்து வடித்த சாற்றில் ஐந்து மில்லி அதில் விட்டு இளஞ்சூட்டில் வைத்தால், முதலில் வெளிறிய மஞ்சள் ஏறும். பிறகு செம்மஞ்சளாகி, கடைசியில் கருப்பட்டிக் காப்பியின் நிறத்தில் நிற்கும். கரைந்திருந்த வெள்ளி அயனிகள் எலக்ட்ரான் பெற்று, ஒன்றோடொன்று சேர்ந்து, சில பத்து நானோமீட்டர் குறுக்களவுள்ள துகள்களாகிவிட்டன என்பதற்கு அடையாளம் அந்த நிறம். இந்தத் துகள்களை வினையூக்கியாக, அதாவது தான் தீராமல் ஒரு வேதிவினையை வேகப்படுத்தும் பொருளாக, பயன்படுத்துவதே நோக்கம். நெல்லைப் பக்கத்துக் கல்லூரி ஆய்வகங்களில் முதுகலை மாணவர்கள் செய்துபார்க்கும் வேலைகளில் இதுவும் ஒன்று. செலவு குறைவு, இலை வேலியோரம் கிடைக்கும், பலன் கண்ணுக்குத் தெரியும்.

அந்த நிறத்தைக் கண்டதும் வேலை முடிந்ததாக நினைப்பதில்தான் பிழை தொடங்குகிறது. இலைச்சாறு மாற்றியது ஒரேயொரு வேதிப்பொருளை மட்டும், அதாவது உலோக அயனிக்கு எலக்ட்ரான் கொடுக்கும் ஒடுக்கியை. தண்ணீர், உலோகம், கழுவுதல், வினையூக்கியைச் சோதிக்க ஊற்றும் போரோஹைட்ரைடு என்ற இன்னொரு ஒடுக்கி, மிச்சக் கழிவு எல்லாம் அப்படியேதான் இருக்கின்றன. இவற்றையும் கணக்கில் சேர்த்த பிறகே ஒரு முறையைப் பசுமையானது என்று சொல்ல முடியும்.

உலோகத்தை இவ்வளவு பொடியாக்குவது மேற்பரப்புக்காக. ஒரு கிராம் வெள்ளியைக் கனசதுரமாக வார்த்தால் அதன் மொத்த மேற்பரப்பு ஒன்றேகால் சதுர சென்டிமீட்டர். அதே ஒரு கிராமை 20 நானோமீட்டர் உருண்டைகளாக்கினால் 28 சதுர மீட்டருக்கு மேல் வரும், ஏறத்தாழ 300 சதுர அடி. வினை நடப்பது மேற்பரப்பில் இருக்கும் அணுக்களில். 20 நானோமீட்டர் துகளில் நூற்றுக்கு ஏழு அணுக்கள்தான் மேலே தெரிகின்றன. 5 நானோமீட்டரில் அது கால் பங்கைத் தாண்டும். கட்டியாக இருக்கையில் ஒன்றோடும் சேராத தங்கம்கூட நானோ அளவில் குளிர்ந்த நிலையிலேயே கார்பன் மோனாக்சைடை எரிக்கும் என்று ஜப்பானின் மசதாகே ஹருதா 1980-களில் காட்டினார். தங்கத்தை வினையூக்கியாகப் பார்க்கும் பழக்கம் வேரூன்றியது அதன் பிறகுதான்.

உலோக நுண்துகள்கள் நீரில் மிதந்து நிற்கும் கலவையான உலோகக் கூழ்மம் புதிய பொருள் அல்ல. மைக்கேல் ஃபாரடே பாஸ்பரஸைக் கொண்டு செந்நிறத் தங்கக் கூழ்மம் செய்து 1857-இல் விளக்கினார். சிட்ரேட்டைக் கொதிக்கவிட்டுச் செய்யும் டர்க்கெவிச் முறை 1951-இல் வந்தது. பசுமை வேதியியலின் 12 கோட்பாடுகளை அனஸ்தாசும் வார்னரும் 1998-இல் எழுதினார்கள். தாவர வழி முறை நம் நாட்டில் பரவப் பெரிய காரணம் புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தில் முரளி சாஸ்திரியின் குழு செய்த வேலை. வேப்பிலையில் வெள்ளியும் தங்கமும், எலுமிச்சம்புல்லில் முக்கோணத் தங்கத் தகடுகளும் செய்துகாட்டி அவர்கள் எழுதியவை 2004-இல் வெளிவந்தன.

இலையால் எந்த உலோகத்தையும் செய்துவிடலாம் என்று எண்ணக்கூடாது. சாற்றில் எலக்ட்ரான் கொடுப்பவை பெரும்பாலும் பாலிஃபீனால்கள்: டானின், ஃபிளாவனாய்டு, காலிக் அமிலம் போன்றவை. ஒடுக்க மின்னழுத்தம் உயர உயர உலோக அயனி எலக்ட்ரான் பெறுவது எளிது. வெள்ளியின் ஒடுக்க மின்னழுத்தம் 0.80 வோல்ட், தங்க குளோரைடுக்கு 1.00 வோல்ட், பலேடியம் இந்த இரண்டுக்கும் இடையில். இம்மூன்றும் எளிதாக இறங்கிவரும். தாமிரம் 0.34 வோல்ட், கஷ்டப்பட்டு வந்தாலும் காற்று பட்டதும் ஆக்சைடாகிவிடும். இரும்புக்கு மைனஸ் 0.44. இரும்பு உப்பில் இலைச்சாறு ஊற்றியதும் கறுத்துவிட்டது, ஆகவே இரும்பு நானோத் துகள் கிடைத்துவிட்டது என்று எழுதுவதில் பெரிய ஆபத்து இருக்கிறது. கடுக்காயையும் அன்னபேதி என்ற இரும்பு உப்பையும் கலந்து நம் முன்னோர் மை செய்தது இதே வினையால்தான். இரும்பும் டானினும் பிணைந்த கறுப்புச் சேர்மம் அது, உலோக இரும்பு அல்ல. எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவு (XRD) வரைபடத்தில் உலோக இரும்புக்குரிய கோடு வராதவரை அதை மை என்றுதான் கொள்ள வேண்டும்.

முதல் எதிரி தண்ணீர்

நம் பக்கத்தில் இந்த வேலை கெடுவதற்கு முதல் காரணம் குளோரைடு. ராதாபுரம், வள்ளியூர் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் உவர்ப்பு. தாமிரபரணித் தண்ணீர் வாய்க்கு நன்றாக இருக்கலாம், சில்வர் நைட்ரேட்டுக்கு ஆகாது. கணக்கு எளிது. குடிநீரில் குளோரைடு லிட்டருக்கு 250 மி.கி. வரை இருக்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். அது 7 மில்லிமோலார். நாம் எடுக்கும் வெள்ளி 1 மில்லிமோலார். அதாவது நல்ல குடிநீரிலேயே மொத்த வெள்ளியையும் சில்வர் குளோரைடாக்கி வீழ்த்தத் தேவையானதைப்போல் ஏழு மடங்கு குளோரைடு இருக்க இடமுண்டு. லிட்டருக்கு வெறும் ஆறேழு மைக்ரோகிராம் இருந்தாலே வீழ்படிவு தொடங்கிவிடும்.

அதனால் அயனி நீக்கிய நீரோ இருமுறை வடித்த நீரோதான் வேண்டும். பேட்டரிக்கு ஊற்றக் கடையில் விற்கும் தண்ணீரை நம்பி இறங்கும் முன் ஒரு சோதனை: ஐந்து மில்லியில் இரண்டு துளி சில்வர் நைட்ரேட் விட்டுக் கறுப்புத் தாளின்மேல் வைத்துப் பார்க்க வேண்டும். லேசாகப் பால்போலக் கலங்கினாலும் அந்தத் தண்ணீர் வேண்டாம். குடுவையைக் குழாய்த் தண்ணீரில் அலசி அப்படியே பயன்படுத்தினாலும் இதே கதைதான். கடைசி அலசல் வடிநீரில் இருக்க வேண்டும்.

இலையிலும் குளோரைடு உண்டு, குறிப்பாகக் கடலோரத்து உவர்நிலச் செடிகளில். அதை முழுக்கத் தவிர்க்க முடியாது, ஆனால் தெரிந்துவைத்திருக்க வேண்டும். எக்ஸ்-கதிர் வரைபடத்தில் வெள்ளி உலோகத்தின் கோடுகள் 38.1, 44.3, 64.4, 77.4 பாகையில் வரும். பல வரைபடங்களில் கூடவே 27.8, 32.2, 46.2 பாகையிலும் கூர்மையான கோடுகள் தெரிகின்றன. இவற்றை ‘துகள்மேல் படிந்த தாவரப் பொருள்’ என்று எழுதிவிடுவது வழக்கமாகிவிட்டது. அவை சில்வர் குளோரைடின் கோடுகள். வெள்ளி என்று நினைத்து வைத்திருப்பதில் ஒரு பங்கு வெள்ளி உப்பு என்பதைத்தான் அவை சொல்கின்றன.

சாறும் ஒரு வேதிப்பொருள்

எந்த இலை என்பதில் அவ்வளவு பரபரப்பு வேண்டியதில்லை. உலக மருந்து நூல்களில் ‘டின்னவெல்லி சென்னா’ என்று நம் திருநெல்வேலியின் பெயரையே தாங்கி நிற்கும் நிலாவாரை, புதர்க்காட்டு ஆவாரை, வேம்பு, கொய்யா எல்லாவற்றிலும் பாலிஃபீனால் இருக்கிறது. களக்காடு முண்டந்துறைக் காட்டுக்குள் போய் அரிய மூலிகையைப் பறித்துவந்து செய்வதில் எந்தச் சிறப்பும் இல்லை. பசுமை என்ற பெயருக்கே அது பொருந்தாது. உண்ணிச்செடி, ஆற்றில் அடைத்துக்கிடக்கும் அமலைச்செடி (ஆகாயத் தாமரை), புளியங்குடிச் சந்தையில் கழித்துப்போடும் எலுமிச்சை ஆகியவற்றில் முயல்வதுதான் நியாயம்.

இலையைக் குழாய்த் தண்ணீரில் இரண்டு முறை, வடிநீரில் ஒரு முறை கழுவி, நிழலில் ஐந்து முதல் ஏழு நாள் உலர்த்திப் பொடித்துச் சலிக்க வேண்டும். ஐந்து கிராம் பொடிக்கு 100 மில்லி வடிநீர், 60 முதல் 70 டிகிரியில் 20 நிமிடம். கொதிக்கக் கொதிக்க வைத்தால் ஃபீனால்கள் காற்றில் ஆக்சிஜனேற்றம் அடைந்து சாறு கறுக்கும், ஒடுக்கும் திறன் குறையும். முதலில் துணியில் வடித்து, ஆறியபின் வாட்மேன் 1 வடிதாளில் மறுபடி வடிக்க வேண்டும். நிலாவாரையில் கொழகொழப்பு அதிகம் என்பதால் தாள் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். முன்னதாகச் சென்ட்ரிஃபியூஜில் பத்து நிமிடம் சுற்றிவிட்டால் வேலை சுலபம். குளிர்பதனப் பெட்டியில் 4 டிகிரியில் ஒரு வாரம் தாங்கும். அதற்குமேல் பூசணம் பிடிக்கும்.

அடுத்த படியைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். சாற்றில் ஃபீனால் எவ்வளவு என்று அளப்பதேயில்லை. குற்றாலச் சாரலில் நனைந்த இலையும் ராதாபுரத்துச் சித்திரை வெயிலில் காய்ந்த இலையும் ஒன்றாகாது. கொழுந்துக்கும் முற்றிய இலைக்கும்கூட வேறுபாடு உண்டு. ‘ஐந்து மில்லி சாறு’ என்று மட்டும் எழுதினால் அடுத்தவர் செய்யும்போது வேறு அளவில் துகள் வரும், அல்லது வராமலே போகும். ஃபோலின் சியோகால்ட்டு முறையில் மொத்த ஃபீனாலைக் காலிக் அமிலக் கணக்கில் அளந்துகொண்டால் இந்தக் குழப்பம் தீரும். பிறகு கணக்குப் போடலாம்.

1 மில்லிமோலார் சில்வர் நைட்ரேட் 100 மில்லி வேண்டுமென்றால் 17 மி.கி. நிறுக்க வேண்டும். அதில் 95 மில்லி எடுத்தால் உள்ளே இருக்கும் வெள்ளி சுமார் 10.2 மி.கி. இதை முழுக்க ஒடுக்க 0.095 மில்லிமோல் எலக்ட்ரான் தேவை. காலிக் அமில மூலக்கூறு ஒன்று இரண்டு எலக்ட்ரான் கொடுப்பதாக வைத்துக்கொண்டால் 8.1 மி.கி. காலிக் அமிலத்துக்குச் சமமான ஃபீனால் வேண்டும். அதை ஐந்து மில்லி சாற்றில் கொண்டுவர, சாற்றில் மில்லிக்கு 1.6 மி.கி.யாவது இருக்க வேண்டும். இதைவிடக் குறைந்தால் வெள்ளி அயனி மிச்சம் நிற்கும். அந்த மிச்சம் பின்னால் சோதனையைக் கெடுக்கும். அதைப் பிறகு பார்ப்போம்.

கலக்கும்போது 95 மில்லி வெள்ளிக் கரைசலைக் காந்தக் கலக்கியில் சுழலவிட்டு, சாற்றைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். சாறு பெரும்பாலும் லேசான அமிலம். பிஎச் 8 முதல் 9-க்குள் இருக்குமாறு 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு சில துளி சேர்த்தால் ஃபீனால்கள் ஃபீனலேட்டாகி வேகமாக எலக்ட்ரான் கொடுக்கும். ஒரே நேரத்தில் நிறையக் கருக்கள் தோன்றுவதால் துகளும் சிறுக்கும். ஆனால் பிஎச் 10-ஐத் தாண்டவிட்டால் சில்வர் ஆக்சைடு தவிட்டு நிறத்தில் படியும். நிறத்தைப் பார்த்து அதையும் துகள் என்று ஏமாறுவது உண்டு. குடுவையை அலுமினியத் தாளால் மூடிவைப்பது நல்லது. நம் ஊர் வெயில் படும் ஜன்னலோரத்தில் வைத்தால் ஒளியே பாதி வேலையைச் செய்துவிடும், சாறு எவ்வளவு செய்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. வெயிலைத் தெரிந்தே பயன்படுத்துவதில் தவறில்லை, மின்சாரமும் மிச்சம். அப்படியானால் எத்தனை நிமிடம், எந்த நேரத்து வெயில் என்று குறித்தாக வேண்டும்.

எந்த அலைநீள ஒளியைக் கரைசல் எவ்வளவு உறிஞ்சுகிறது என்று காட்டும் யூவி கருவியில் 400 முதல் 450 நானோமீட்டருக்குள் ஒற்றை முகடு வர வேண்டும். அது ஒடுங்கி நின்றால் துகள்கள் ஏறத்தாழ ஒரே அளவு. வலப்பக்கம் சரிந்து அகன்றால் கட்டி சேர்கிறது என்று பொருள். ஒப்பீட்டுக்குத் தண்ணீரை வைக்காமல், அதே அளவு நீர்த்த சாற்றை வைக்க வேண்டும்.

துகளைக் காப்பதே துகளை மறைக்கிறது

இந்த முறையின் அடிப்படைச் சிக்கல் இதுதான். சாற்றிலுள்ள சர்க்கரை, புரதம், கொழகொழப்பு, டானின் எல்லாம் துகளைச் சுற்றிப் படிந்து, ஒன்றோடொன்று ஒட்டாமல் காக்கின்றன. அதனால்தான் தனியே நிலைப்படுத்தி எதுவும் சேர்க்காமலே கூழ்மம் மாதக்கணக்கில் நிற்கிறது. ஆனால் வினையூக்கியிடம் நாம் வாங்கும் வேலை மேற்பரப்பில் நடக்கிறது. அந்த மேற்பரப்பையே போர்வை மூடிக்கொண்டால் வினைபடு பொருள் உள்ளே எப்படிப் போகும்? மாதக்கணக்கில் கலங்காமல் நிற்கும் கூழ்மம் சோதனையில் மந்தமாக இருப்பதும், இரண்டு நாளில் அடியில் தங்கிவிடும் கூழ்மம் வேகமாக வேலை செய்வதும் இதனால்தான். நுண்ணுயிர் எதிர்ப்புக்குச் செய்யும் அதே செய்முறையை வினையூக்கிக்கும் எடுத்துக்கொள்வது சரிப்படாது.

வழி இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் ஒரு விலையும் இருக்கிறது. சாற்றின் அளவைக் கணக்கிட்ட தேவைக்கு ஒன்றரை மடங்குக்குமேல் போகவிடாமல் வைப்பது முதல் வழி. மிகையாக ஊற்றினால் போர்வைதான் தடிக்கும். அடுத்தது கழுவுதல். சென்ட்ரிஃபியூஜில் நிமிடத்துக்கு 12,000 சுற்று வேகத்தில் 20 நிமிடம் சுற்றி, மேல் நீரை இறுத்து, வடிநீரில் மறுபடி கலக்கி, மூன்று முறை. கடைசி முறை தண்ணீரும் எத்தனாலும் சம பங்கு. வெறும் எத்தனாலில் பலமுறை கழுவினால் போர்வை முழுதும் கழன்று துகள்கள் சாம்பல் நிறக் கட்டியாகிவிடும். பிறகு எவ்வளவு கலக்கினாலும் பிரியாது. 60 டிகிரியில் உலர்த்திப் பொடியாக்குவதும் இதே சேதத்தைச் செய்யும். வினையூக்கியாகப் பயன்படுத்துவதாக இருந்தால் ஈரமாகவே வைத்துக்கொள்வது மேல்.

மூன்றாவது வழி துகளைத் தாங்கியின்மேல் ஏற்றுவது. இதற்கு அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி அரிசி ஆலைகளில் குவியும் உமி அருமையான பொருள். நெல்லில் ஐந்தில் ஒரு பங்கு உமி, உமியில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல், அந்தச் சாம்பலில் நூற்றுக்கு 85-க்கு மேல் சிலிக்கா. உமியை அமிலத்தில் ஒரு மணி நேரம் காய்ச்சிக் கழுவி, 600 டிகிரி உலையில் நான்கு மணி நேரம் எரித்தால் வெள்ளை வெளேரென்று நுண்துளைச் சிலிக்கா கிடைக்கும். 700 டிகிரியைத் தாண்டிவிட்டால் படிகமாகி, நுண்துளை போய், உள்ளிழுத்தால் நுரையீரலுக்கும் கேடாகிவிடும். ஆலைக் கொதிகலனில் எரிந்த கறுத்த சாம்பல் இதற்கு ஆகாது. அமிலம் என்றதும் கை ஹைட்ரோகுளோரிக் புட்டிக்குப் போகும். அங்கேயும் குளோரைடு காத்திருக்கிறது. ஒன்று நைட்ரிக் அமிலம் எடுக்க வேண்டும். இல்லையேல் கழுவிய நீரில் சில்வர் நைட்ரேட் விட்டாலும் கலங்காமல் நிற்கும்வரை கழுவ வேண்டும். தாங்கியில் ஏற்றிய துகளை 250 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால் போர்வையின் ஒரு பங்கு எரியும். சிலிக்காவில் ஒட்டியிருப்பதால் துகள்கள் ஓடிச் சேர்வது குறைவு. வினை முடிந்ததும் சாதாரணத் தாளில் வடித்தே வினையூக்கியைத் திரும்ப எடுக்கலாம், சென்ட்ரிஃபியூஜ் வேண்டாம்.

சோதனையில் வரும் ஏமாற்றங்கள்

வழக்கமான சோதனை 4-நைட்ரோஃபீனாலை 4-அமினோஃபீனாலாக மாற்றுவது. பாராசிட்டமால் தயாரிப்பில் வரும் இடைப்பொருள்தான் அமினோஃபீனால். யூவி கருவியில் வைக்கும் சிறு கண்ணாடிக் குப்பியான கியூவெட்டில் 0.1 மில்லிமோலார் நைட்ரோஃபீனால் 2.7 மில்லி, அப்போதே கரைத்த 0.1 மோலார் சோடியம் போரோஹைட்ரைடு 0.3 மில்லி. வெளிர் மஞ்சள் கெட்டி மஞ்சளாகும், முகடு 317-இலிருந்து 400 நானோமீட்டருக்குப் போகும், உறிஞ்சளவு 1.6 அளவில் நிற்கும். இது நைட்ரோஃபீனலேட் அயனி மட்டுமே. வினை இன்னும் தொடங்கவில்லை. வினையூக்கி இல்லாமல் மணிக்கணக்கில் வைத்தாலும் நிறம் அப்படியே இருக்கும். 20 மைக்ரோலிட்டர் கூழ்மம் சேர்த்ததும் 400-இல் முகடு இறங்கி, 300 பக்கம் சிறு முகடு எழும். போரோஹைட்ரைடு நூறு மடங்கு மிகை என்பதால் வேகம் நைட்ரோஃபீனாலின் செறிவை மட்டும் சார்ந்த முதல்படி வினையாகவே கணக்கிடலாம். உறிஞ்சளவு 1.6-இலிருந்து பத்து நிமிடத்தில் 0.16-க்கு வந்தால் வேக மாறிலி விநாடிக்கு 0.0038. இந்த எண்ணைத் தனியாகச் சொன்னால் எதுவும் புரியாது. எத்தனை மைக்ரோகிராம் வெள்ளிக்கு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தவறு வரும் இடங்கள் பல. போரோஹைட்ரைடு தண்ணீரில் தானாகவே சிதையும். காலையில் கரைத்ததை மாலையில் எடுத்தால் வினையூக்கி செத்துவிட்டது என்று தப்பாக முடிவு கட்ட நேரும். ஹைட்ரஜன் குமிழிகள் கியூவெட் சுவரில் ஒட்டி அளவீட்டை ஆட்டும், லேசாகத் தட்டிவிட வேண்டும். எல்லாவற்றிலும் மோசமானது, முன்பு சொன்ன ஒடுங்காத வெள்ளி அயனி. சரியாகக் கழுவாத கூழ்மத்தைக் கியூவெட்டில் விட்டதும் போரோஹைட்ரைடு அந்த அயனியை அங்கேயே ஒடுக்கி, போர்வையில்லாத புதுத் துகளாக்கிவிடும். வேகமாக வேலை செய்வது அதுதான். பெயர் நிலாவாரைக்குப் போகும். இதைக் கண்டுபிடிக்க, கழுவிய கடைசி நீரை வினையூக்கிக்குப் பதிலாக விட்டு ஒரு ஓட்டம், சாறு மட்டும் விட்டு ஒரு ஓட்டம், அதே அளவு சில்வர் நைட்ரேட் விட்டு ஒரு ஓட்டம் என்று மூன்றும் செய்ய வேண்டும். இந்த மூன்றும் இல்லாத வேக மாறிலியை நம்பத் தேவையில்லை.

சாயத்தை வைத்துச் செய்யும் சோதனைகளில் இன்னொரு கவனம். மெத்திலீன் நீலத்தின் 664 நானோமீட்டர் முகடு மறைந்ததும் ‘சாயம் சிதைந்தது’ என்று எழுதுகிறார்கள். கியூவெட்டைத் திறந்து காற்றுப்பட ஆட்டிப் பார்த்தால் போதும். போரோஹைட்ரைடு தீர்ந்த பிறகு நீலம் திரும்பி வரலாம். மூலக்கூறு நிறமில்லாத வடிவத்துக்கு மாறி அங்கேயே இருந்ததுதான் காரணம். மெத்தில் ஆரஞ்சு போன்ற அசோ சாயம் உண்மையிலேயே உடையும், ஆனால் உடைந்து வருவன அரோமாட்டிக் அமீன்கள். நிறம் போன தண்ணீர் சுத்தமான தண்ணீர் ஆகாது. தறி ஊர்களின் சாயக் கழிவுக்கு இதை ஒரு தீர்வாக முன்வைப்பவர்கள் தண்ணீரில் மிஞ்சிய கரிமப் பொருளைக் காட்டும் வேதி ஆக்சிஜன் தேவையும் மொத்தக் கரிமக் கார்பனும் எவ்வளவு குறைந்தன என்று காட்டியாக வேண்டும்.

போரோஹைட்ரைடின் மிச்சம் போரேட்டாகத் தண்ணீரில் நிற்கும். 10 மில்லிமோலார் என்றால் லிட்டருக்கு 108 மி.கி. போரான். எலுமிச்சை வகை மரங்களுக்குப் பாசன நீரில் லிட்டருக்கு 1 மி.கி. போரானே அதிகம். புளியங்குடி எலுமிச்சைத் தோப்புக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, எலுமிச்சைத் தோலில் வெள்ளி செய்து, அதைப் போரோஹைட்ரைடோடு சேர்த்துக் கழிவு நீருக்குத் தீர்வு என்று சொன்னால் அந்த மண்ணுக்கு அது நன்மை ஆகாது. போரோஹைட்ரைடு ஆய்வகத்தில் வேகத்தை அளக்க மட்டும் போதும். உண்மையான பயன்பாட்டுக்கு ஹைட்ரஜன் வாயு, ஃபார்மிக் அமிலம், கிளிசரால் என்று வேறு ஒடுக்கிகளில் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் வெள்ளி அங்கே தடுமாறும், பலேடியம் தேறும்.

கடைசியாக, கழிவு போகும் கழுவுதொட்டி. ஒரு குடுவையிலுள்ள 10 மி.கி. வெள்ளி சொற்பமாகத் தெரியும். நன்னீரில் வாழும் சிற்றுயிர்களுக்கு வெள்ளி அயனி லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் அளவிலேயே நஞ்சு. ஐந்து மைக்ரோகிராம் என்று வைத்தால் அந்த ஒரு குடுவை 2,000 லிட்டர் தண்ணீருக்குப் போதும். ஆகவே எதையும் தொட்டியில் கொட்டாமல் பழுப்புப் புட்டியில் சேர்க்க வேண்டும். இரண்டு எச்சரிக்கைகள்: அம்மோனியா கலந்த வெள்ளிக் கழிவைச் சேர்த்துவைக்கக் கூடாது, நாள்பட்டால் வெடிக்கும் பொருள் உண்டாகும். போரோஹைட்ரைடு மிச்சமுள்ள கழிவை இறுக மூடக் கூடாது, அமிலத்தோடும் கலக்கக் கூடாது, ஹைட்ரஜன் திரளும். புட்டி நிறைந்ததும், போரோஹைட்ரைடு மிச்சமில்லை என்று உறுதியானபின், கூழ்மத்தை நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் கரைத்துச் சமையல் உப்புக் கரைசல் ஊற்றினால் வெள்ளி முழுதும் வெண்படிவாக இறங்கும். படிவைக் கழுவி, சோடியம் ஹைட்ராக்சைடும் குளூக்கோஸும் சேர்த்துச் சூடாக்கினால் சாம்பல் நிற வெள்ளித் தூள் வரும். சர்க்கரையோ கருப்பட்டியோ இதற்குக் குளூக்கோஸ் அளவுக்கு உதவாது. அவற்றில் இருப்பது பெரும்பாலும் சுக்ரோஸ், அது ஒடுக்கும் சர்க்கரை அல்ல. தூளைக் குளோரைடு அறவே போகும்வரை வடிநீரில் கழுவி, புகைப்போக்கிப் பெட்டிக்குள் நைட்ரிக் அமிலத்தில் கரைத்து ஆவியாக்கினால் சில்வர் நைட்ரேட் படிகம். அடுத்த குடுவைக்கு அதில் 17 மி.கி. நிறுத்துக்கொள்ளலாம்.